தங்கத்துக்கு ஒரு விலை, கோதுமைக்கு ஒரு விலை, ராகிக்கு ஓர் அறிவிப்பு: கோலார் தங்கவயலைச் சுற்றி ஒரு தானிய வரலாறு

பங்காரப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பத்துக்கு 1894இல் திறக்கப்பட்ட கிளை இருப்புப்பாதையின் நீளம் ஏறத்தாழ 16 கிலோமீட்டர். கோலார் தங்கவயலுக்குத் தேவையான இயந்திரமும் மரமும் நிலக்கரியும் அதன் வழியே வந்தன. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து தொழிலாளர் குடும்பங்கள் வந்தன. அவர்களுக்கான தானியமும் வந்தது. திரும்பிச் சென்றது தங்கம். அந்தத் தங்கத்தைப் பற்றியும், அதைத் தோண்டியவர்களின் உழைப்பையும் போராட்டங்களையும் பற்றியும் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அவர்கள் உண்ட தானியத்தைப் பற்றி எழுதப்பட்டது குறைவு.

இந்தக் குறை கவனத்துக்குரியது. சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம், மைசூர்ச் சுரங்கம் என்று பாறைமேல் எழுந்த அந்த நகரம் ஒரு தானியமும் விளைவிக்கவில்லை. ஆனால் அதன் எல்லையைத் தாண்டியதும் தொடங்கும் செம்மண் நிலம் முழுவதும் ராகி நிலம். வற்றாத ஆறு இல்லாத மாவட்டம் கோலார். ஆண்டுக்கு ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் மழை. அதைத் தேக்கி வைக்க ஏரிகள். ஏரிக்குக் கீழே கொஞ்சம் நெல், மேட்டில் ராகி. தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் கேழ்வரகு என்றும் கேப்பை என்றும் வழங்கும் இதே தானியத்தைத்தான் சுரங்கத்துக்கு வந்த குடும்பங்களும் களியாகவும் கூழாகவும் உண்டு வளர்ந்தன. நகரத்தின் வாயும் அதைச் சுற்றிய நிலமும் ஒரே தானியத்தை அறிந்தவை. ஆனாலும் சுதந்திர இந்தியாவின் உணவுக் கொள்கை அந்த வாயையும் அந்த நிலத்தையும் இணைக்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு எடுத்துக்கொண்டது. இந்த இடைவெளி எப்படி உருவானது என்பதை அறிய, முதலில் கோலாருக்கு வெகு தொலைவிலுள்ள ஒரு நாட்டின் வேளாண் சட்டத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

1933இல் பெருமந்தத்தின் நடுவே அமெரிக்க அரசு வேளாண் சீரமைப்புச் சட்டத்தை இயற்றியது. அதே ஆண்டு அக்டோபரில் பண்டக் கடன் கழகம் என்ற நிறுவனத்தை அமைத்தது. அது முதலில் கைவைத்த பயிர்களுள் ஒன்று மக்காச்சோளம். ஒரு புஷலுக்கு 45 சென்ட் வீதம் விவசாயிக்குக் கடன் தரப்பட்டது. ஈடு, அவருடைய களஞ்சியத்திலேயே முத்திரையிட்டு வைக்கப்பட்ட மக்காச்சோளம். சந்தை விலை ஏறினால் அவர் கடனைத் திருப்பிக் கட்டிவிட்டுத் தானியத்தை விற்றுக்கொள்ளலாம். விலை ஏறாவிட்டால் தானியத்தை அரசிடம் விட்டுவிடலாம். கடன் தீர்ந்தது, மேற்கொண்டு வழக்கும் இல்லை, வசூலும் இல்லை. 1938ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு கோதுமையும் இந்த ஏற்பாட்டுக்குள் உறுதியாக வந்தது. காலப்போக்கில் சோளம், வாற்கோதுமை, ஓட்ஸ் ஆகியவையும் மக்காச்சோளத்தோடு சேர்ந்து ‘தீவனத் தானியங்கள்’ என்ற பெயரில் ஆதரவு பெற்றன.

இந்த ஏற்பாட்டில் இரண்டு கூறுகள் முக்கியமானவை. முதலாவது, ஆதரவு விலை என்பது அங்கே நடைமுறையில் ஒரு கொள்முதல் உறுதி. அறிவித்த விலைக்குத் தானியத்தை ஏற்றுக்கொள்ளும் நிறுவனம் அறிவிப்புக்குப் பின்னால் நின்றது. இரண்டாவது, மனிதர் உண்ணும் கோதுமைக்குத் தந்த அதே தகுதியை மாடும் பன்றியும் தின்னும் தானியத்துக்கும் அந்தச் சட்டம் தந்தது. அங்கே ஒரு பயிர் மேலானதா கீழானதா என்ற வினாவைவிட, அதைப் பயிரிடுவோரின் அரசியல் வலிமையே முடிவைத் தீர்மானித்தது.

விளைவு, மலையாகக் குவிந்த உபரி. போருக்குப் பின் ஐரோப்பா மீண்டும் பயிரிடத் தொடங்கியதும் அமெரிக்கக் கிடங்குகள் நிரம்பி வழிந்தன. 1961இல் மக்காச்சோளமும் சோளமும் விளையும் நிலத்தைத் தரிசாக விடுவதற்கே விவசாயிக்குப் பணம் தரும் திட்டம் வந்தது. 1963 மே மாதம் கட்டாய உற்பத்திக் கட்டுப்பாட்டின் மீது நடந்த வாக்கெடுப்பில் கோதுமை விவசாயிகள் அதை நிராகரித்தனர். உபரிக்கு வேறொரு வடிகாலை ஏற்கெனவே 1954ஆம் ஆண்டின் பொதுச் சட்டம் 480 உருவாக்கியிருந்தது. பி.எல். 480 என்று இந்தியாவில் மூத்தோர் இன்றும் நினைவுகூரும் அந்தச் சட்டத்தின்படி, அமெரிக்கத் தானியத்தை டாலர் இல்லாத நாடுகள் தங்கள் சொந்த நாணயத்திலேயே வாங்கலாம்.

இந்தியா இச்சட்டத்தின் கீழ் முதல் ஒப்பந்தத்தைச் செய்துகொண்டது 1956 ஆகஸ்டில். அதே ஆண்டு நவம்பரில் மைசூர் அரசு, ஜான் டெய்லர் நிறுவனத்தின் நிர்வாகத்திலிருந்த கோலார் தங்கச் சுரங்கங்களைத் தேசியமயமாக்கியது. இரண்டு நிகழ்வுகளுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, விலையை அரசு கையாண்ட விதம் தெளிவாகத் தெரிகிறது.

அன்று தங்கத்துக்கு உலக அளவில் ஓர் அதிகாரபூர்வ விலை இருந்தது: ஓர் அவுன்சுக்கு 35 டாலர். ரூபாய்க் கணக்கில் 10 கிராமுக்கு 53 ரூபாய் 58 காசு. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்ட பிறகு 84 ரூபாய் 39 காசு. இந்தியாவின் உள்நாட்டுச் சந்தையில் தங்கம் இதைவிட வெகு அதிக விலைக்கு விற்றது. சுரங்கங்கள் 1962 டிசம்பரில் மத்திய நிதி அமைச்சகத்தின் கீழ் வந்தன. அவற்றின் தங்கம் அதிகாரபூர்வ விலையிலேயே அரசுக் கணக்கில் சேர்ந்தது. மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கும் கீழே, பாறை வெடிப்புக்கும் வெப்பத்துக்கும் நடுவே எடுத்த உலோகத்துக்குச் சந்தை விலை கிடைக்கவில்லை. தாதுவின் தரம் குறைந்ததும் ஆழம் கூடியதும் உண்மையே. ஆனால் சுரங்கத்தின் ‘நட்டம்’ என்று பின்னாளில் பேசப்பட்டதில் ஒரு பகுதி, விலை நிர்ணயித்த மேசையில் பிறந்தது. தங்கத்துக்கு அரசின் விலை ஓர் உச்சவரம்பாகச் செயல்பட்டது. அதே காலத்தில் கடல் கடந்து வந்த கோதுமைக்குப் பின்னாலோ வேறொரு அரசின் தளவிலை நின்றது.

1960 மே மாத ஒப்பந்தம் நான்கு ஆண்டுகளில் 1 கோடியே 60 லட்சம் டன் கோதுமைக்கும் 10 லட்சம் டன் அரிசிக்கும் வழிவகுத்தது. 1965, 1966 வறட்சி ஆண்டுகளில் இறக்குமதி உச்சம் தொட்டது. 1966இல் மட்டும் ஏறத்தாழ ஒரு கோடி டன் தானியம் இந்தியத் துறைமுகங்களில் இறங்கியது. அமெரிக்கக் கோதுமை விளைச்சலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்தியாவுக்கு வந்த காலம் அது. கோதுமையோடு ‘மைலோ’ என்ற அமெரிக்கச் சோளமும் வந்தது. புறப்பட்ட நாட்டில் அது தீவனத் தானியம். வந்து சேர்ந்த நாட்டில் நியாயவிலைக் கடையின் உணவுத் தானியம். இந்திய மக்காச்சோளத்துக்கோ சோளத்துக்கோ ராகிக்கோ கிடைக்காத ஆதரவு விலையை அமெரிக்கச் சோளம் ஏற்கெனவே பெற்று, அதன் பலத்தில் இந்திய ஏழையின் தட்டை அடைந்தது.

இந்த இறக்குமதி இந்திய விவசாயியின் விலையைத் தாழ்த்தியதா என்பது அன்றே எழுந்த விவாதம். பொருளியலறிஞர் தியோடர் ஷுல்ட்ஸ் 1960இல் இந்த ஐயத்தை எழுப்பினார். பொருளியலறிஞர்கள் இரு பக்கமும் வாதிட்டனர். அந்த வாதத்தின் தராசில் வைக்கப்பட்டது பெரும்பாலும் கோதுமையின் விலையே. மலிவான கோதுமை புஞ்சைத் தானியங்களின் நகர்ப்புறச் சந்தையை என்ன செய்தது என்ற கேள்வி ஓரத்தில் நின்றது. தங்கவயல் போன்ற தொழில் நகரங்களை ஆராய்வோருக்கு அதுவே மையக் கேள்வி. நாட்கூலியில் வாழ்ந்த, களி உண்டு வளர்ந்த ஒரு குடும்பம் பங்கீட்டுக் கடைக்குச் செல்லும்போது அங்கே மலிவாகக் கிடைப்பது அரிசியும் கோதுமையும். தன் ஊர்த் தானியத்தைச் சந்தை விலைக்கு வாங்க வேண்டும். ஒரு தலைமுறைக்குள் நாக்கு மாறியது என்றால், அதை நாகரிக மோகம் என்று மட்டும் விளக்குவது போதாது.

இறக்குமதியைச் சார்ந்திருப்பதன் அவமானத்திலிருந்தும் ஆபத்திலிருந்தும் விடுபடவே சி. சுப்பிரமணியம் மத்திய உணவு, வேளாண் அமைச்சராக இருந்தபோது புதிய கட்டமைப்பு உருவானது. எல்.கே. ஜா தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 1965 ஜனவரியில் வேளாண் விலைகள் ஆணையம் அமைந்தது, எம்.எல். தந்த்வாலா அதன் முதல் தலைவர். அதே மாதம் இந்திய உணவுக் கழகம் தஞ்சாவூரில் தன் முதல் மாவட்ட அலுவலகத்தோடு பணியைத் தொடங்கியது. 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைரகக் கோதுமை விதை வந்தது. விதை, உரம், பாசனம், அறிவித்த விலை, அந்த விலைக்கு வாங்கும் மண்டி ஆகிய ஐந்தும் ஒரே இடத்தில் சேர்ந்தன. அந்த இடம் பஞ்சாப், அரியானா, மேற்கு உத்தரப் பிரதேசம். நெல்லுக்கு அடுத்தடுத்து ஆற்றுப் படுகைகள். அமெரிக்கத் திட்டத்தின் முதல் கூறான கொள்முதல் உறுதி இந்தியாவுக்கு வந்துவிட்டது. இரண்டாவது கூறான எல்லாத் தானியத்துக்கும் சம தகுதி வரவில்லை.

ராகி பட்டியலில் இடம்பெறவே இல்லை என்று சொல்ல முடியாது. சோளம், கம்பு, மக்காச்சோளம் ஆகியவற்றோடு ராகிக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கப்பட்டு வந்தது. ஆவணங்கள் இவற்றை ‘முரட்டுத் தானியங்கள்’ என்று ஒரே குடையின் கீழ் நிறுத்தின. பெயரில் இருந்த அந்த அலட்சியம் விலையிலும் இருந்தது. 2006-07 பருவத்தில் சோளம், கம்பு, மக்காச்சோளம், ராகி ஆகிய நான்குக்கும் அறிவிக்கப்பட்ட விலை குவிண்டாலுக்கு 540 ரூபாய். நான்கும் வெவ்வேறு மண்ணில் விளைபவை; உழைப்பும் விளைச்சலும் சந்தையும் வெவ்வேறானவை. நாற்று நட்டும், வரிசையில் விதைத்தும், களையெடுத்தும், கதிர் கதிராக அறுத்தும் எடுக்கும் ராகிக்கும், கோழித்தீவன ஆலைக்குப் போகும் மக்காச்சோளத்துக்கும் ஒரே விலை பல ஆண்டுகள் நீடித்தது. ஒருவரும் அந்த விலைக்கு வாங்கப் போவதில்லை என்று தெரிந்த இடத்தில்தான் இப்படி ஓர் எண் கேள்வியின்றி நிற்க முடியும்.

இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம், புஞ்சைத் தானியங்களுக்கு உயர்விளைச்சல் ரகங்கள் இல்லை என்பது. ராகியைப் பொறுத்தவரை இது பொருந்தாது. மண்டியாவின் வி.சி. பண்ணையில் பணியாற்றிய சி.எச். லட்சுமணையா, இந்திய ராகியையும் ஆப்பிரிக்க ராகியையும் ஒட்டி ‘இண்டாஃப்’ வரிசை ரகங்களை உருவாக்கினார். ‘ராகி லட்சுமணையா’ என்றே கர்நாடக விவசாயிகள் அவரை அழைத்தனர். மானாவாரியிலும் விளைச்சலை வெகுவாக உயர்த்திய ரகங்கள் அவை. விஞ்ஞானம் தன் பங்கைச் செய்தது. விளைச்சல் கூடியபோது விலை சரியாமல் தாங்கும் கரம் மட்டும் இல்லை.

அந்தக் கரம் இல்லாத இடத்தில் நிலம் வேறு வழி தேடியது. 1970களின் இறுதியிலிருந்து சமூகக் காடுகள் திட்டத்தின் கீழ் கோலார் மாவட்டத்தில் யூகலிப்டஸ் பரவியது. வந்தனா சிவா, எச்.சி. சரத்சந்திரா, ஜெயந்தோ பந்தோபாத்யாய ஆகியோர் 1981இல் வெளியிட்ட கோலார் ஆய்வு, தரிசு நிலத்துக்கென வந்த மரம் ராகி நிலத்தை விழுங்குவதைச் சுட்டிக்காட்டியது. ராகி விதைத்தவருக்கு விலை உறுதி இல்லை. கூழ்மரம் நட்டவருக்கு ஆலை வாங்கிக்கொள்ளும் என்ற உறுதி உண்டு. விவசாயியின் தேர்வு கணக்குப்படி சரியானதே. ஆனால் ராகி போனபோது தானியத்தோடு தாளும் போனது. பால்மாடுகளுக்குப் பேர்போன அந்த மாவட்டத்தில் ராகித் தாளே கோடைக்காலத் தீவனம். அமெரிக்கா தீவனத்துக்கெனத் தனித் தானியங்களை வளர்த்து ஆதரித்தது. ஒரே தண்டில் மனிதனுக்கு உணவும் மாட்டுக்குத் தீவனமும் தரும் பயிரை இந்தியக் கொள்கை இரண்டு கணக்கிலும் சேர்க்கவில்லை.

ராகியின் இன்னோர் இயல்பும் இங்கே நினைவுகொள்ளத்தக்கது. அது பூச்சி பிடிக்காமல் பல ஆண்டுகள் தாங்கும். பழைய மைசூர்ப் பகுதியில் ‘ஹகேவு’ என்ற நிலவறைக் குழிகளில் பஞ்சகாலத்துக்கென ராகியைச் சேமித்து வைத்தனர். 1933இல் அமெரிக்க அரசு விவசாயியின் சொந்தக் களஞ்சியத்தை முத்திரையிட்டுக் கடன் கொடுத்ததோடு இதை ஒப்பிடலாம். சேமிப்பை ஈடாக வைத்து விலையைத் தாங்கும் ஏற்பாட்டுக்கு ராகியைவிடப் பொருத்தமான தானியத்தைக் காண்பது அரிது. கிடங்கு கட்டும் செலவுகூட இல்லாமல் தொடங்கியிருக்கலாம். நடந்ததோ நேர்மாறு. 2014ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள், மாநில அரசு மத்திய அரசின் முன் அனுமதி பெற்றே இத்தானியங்களை வாங்க வேண்டும் என்றும், வாங்கியதைச் சில மாதங்களுக்குள் விநியோகித்து முடிக்க வேண்டும் என்றும் விதித்தன. ராகிக்கான கெடு நீட்டிக்கப்பட்டது 2021இன் இறுதியில்தான். பஞ்சத்தைத் தாண்டிக் குழிக்குள் காத்திருந்த தானியத்தை விதிமுறை அழுகும் பொருளாகவே கண்டது.

தங்கவயலின் பக்கம் திரும்பினால், 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் சுரங்கங்களை மூடியது. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் தந்த நகரம், பெங்களூருக்கு விடியற்காலை ரயிலேறும் ஆயிரக்கணக்கானோரின் நகரமாயிற்று. சுரங்கக் கூலி நின்ற வீடுகளில் பங்கீட்டு அட்டையின் எடை கூடியது. 2013இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், கிலோ அரிசி 3 ரூபாய், கோதுமை 2 ரூபாய், முரட்டுத் தானியம் 1 ரூபாய் என்று விலை வகுத்தது. மூன்றாவது தானியம் சட்டத்தின் எழுத்துக்குள் வந்துவிட்டது. அதைக் கடைக்குக் கொண்டுவருவது மாநிலத்தின் முயற்சியைப் பொறுத்தது. அதே ஆண்டு அன்னபாக்கியத் திட்டத்தைத் தொடங்கிய கர்நாடகம், ராகியை ஆதரவு விலைக்கு வாங்கித் தென் மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில் அரிசியோடு சேர்த்துத் தரத் தொடங்கியது. நகரத்தின் அடுப்பும் சுற்றியுள்ள நிலமும் அரசுக் கொள்முதலின் வழியே இணைந்தது அப்போதுதான். அதற்குள் சுரங்கம் மூடி பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

2018 ஏப்ரலில் மத்திய அரசு இத்தானியங்களுக்கு ‘ஊட்டச்சத்துத் தானியங்கள்’ என்று பெயர் மாற்றியது. அந்த ஆண்டு ராகியின் ஆதரவு விலை 1,900 ரூபாயிலிருந்து 2,897 ரூபாய்க்கு ஒரே தாவலில் உயர்ந்தது. 2024-25இல் அது 4,290 ரூபாய். அதே பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்கு 2,300, அடுத்து வந்த கொள்முதல் பருவத்தில் கோதுமைக்கு 2,425. காகிதத்தில் ராகி கோதுமையை வெகுவாக முந்திவிட்டது. ஆனால் கோதுமை மண்டியில் வந்த தானியத்தை வாங்கும் நடைமுறை அரை நூற்றாண்டாக நிலைத்திருக்க, ராகிக்கு முன்பதிவு, மொத்தக் கொள்முதலுக்கு அனுமதிக்கப்பட்ட அளவு, ஒரு விவசாயிக்கு இத்தனை குவிண்டால் என்ற வரம்பு ஆகியவை உண்டு. இந்திய அளவில் ஆதரவு விலைக்கு விற்க முடிந்தவர்கள் விவசாயிகளில் ஏறத்தாழ 6 விழுக்காட்டினர் என்று சாந்தகுமார் குழு 2015இல் கூறியது. உயர்ந்த விலை எண் எவ்வளவு பேருக்கு விலையாகிறது என்பதை இந்த விகிதத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

எதிர்வாதமும் உண்டு, அது எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. அமெரிக்கத் திட்டம் உபரியை உற்பத்தி செய்தது. பஞ்சாபின் திட்டம் நிலத்தடி நீரை உறிஞ்சியது. ஏற்கெனவே ஆழ்துளைக் கிணறுகளால் வற்றிய கோலாரில் இன்னொரு பயிருக்கு உறுதி தருவது அதே பிழையைத் திரும்பச் செய்வதாகாதா? இந்த வாதம் கோதுமைக்கும் நெல்லுக்கும் பொருந்துவதுபோல ராகிக்குப் பொருந்தாது. ராகி மழையை நம்பிய பயிர். அதன் விலையைத் தாங்குவது நீரைச் செலவிடும் ஊக்கமாவதைவிட, தக்காளிக்கும் யூகலிப்டஸுக்கும் போகும் நீரைத் தடுக்கும் ஊக்கமாகவே அமையும். செலவு குறித்த வாதம் இதைவிட வலுவானது: சிதறிக் கிடக்கும் சிறு விளைச்சலைச் சேகரிப்பது, ஒரே மண்டியில் குவியும் கோதுமையை வாங்குவதைவிடச் செலவு மிக்கது. ஆனால் கோதுமை ஒரே மண்டியில் குவிவதும் இயற்கையின் கொடை அன்று. சாலையும் மண்டியும் கிடங்கும் அரசு முதலீட்டில் அங்கே கட்டப்பட்டன. அவற்றைக் கட்டிய பிறகு, கட்டப்பட்ட இடமே சிக்கனமான இடமாகத் தோன்றுகிறது.

வேளாண் விலை வரலாற்றை எழுதுவோர் ஆணைய அறிக்கைகளின் விலைப் பட்டியலை மூலமாகக் கொள்வது வழக்கம். அந்தப் பட்டியலில் ராகி பல பத்தாண்டுகளாக இருக்கிறது. அதை மட்டும் படித்தால் ராகிக்கும் ஆதரவு இருந்தது என்ற முடிவுக்கே வர நேரும். விலைப் பட்டியலுக்குப் பக்கத்தில் கொள்முதல் நிலையங்களின் பட்டியலை வைத்துப் படிக்கும்போதுதான் கோலாரின் அரை நூற்றாண்டு தெரியவருகிறது. தங்கவயலைப் பற்றிய ஆய்வுகளுக்கும் இது பொருந்தும். சுரங்கத் தொழிலாளியின் கூலி இவ்வளவு என்று எழுதும் இடத்தில், அந்தக் கூலியில் எந்தத் தானியம் எவ்வளவு கிடைத்தது, அது எந்த நிலத்திலிருந்து வந்தது, எந்த அரசின் பணம் அதைத் தாங்கியது என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்து எழுத வேண்டும். பங்கீட்டுக் கடைப் பதிவேடுகளும், பங்காரப்பேட்டை மண்டியின் வரவுக் கணக்குகளும், மாரிக்குப்பம் பாதையின் சரக்குக் கணக்குகளும் அந்தக் கேள்விகளோடு தேடத்தக்க மூலங்கள்.